முத்திரை யாத்திரிகர்

கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கிவைத்த எலெக்ட்ரானிக் சிட்டியில், விடியற்காலையில் ஓடுகிறவரையும் மொட்டைமாடியில் கீரை பயிரிடுகிறவரையும் பார்த்த மாத்திரத்தில் இனங்கண்டுகொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, மேலதிகாரி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கையில், மேஜைக்கடியில் பென்சில் ரப்பர் ஒன்றைப் பேனாக்கத்தியால் குடைந்து, துகள்களை மடியில் ஏந்திக்கொண்டு, இடையிடையே "எஸ் ஸார்" என்று சிரத்தையோடு தலையசைக்கிறவர் எவரோ, அவரே பெட்டி தேடுகிறவர் என்பதைச் சற்று நிதானித்துத்தான் உணர முடியும்.

பெட்டி தேடும் இந்தச் சம்பிரதாயத்துக்கு ஆதிபுருஷர் ஜேம்ஸ் பெரட் என்னும் ஆங்கிலேய வழிகாட்டி. டார்ட்மூர் பிரதேசத்தில் கிரான்மியர் பூல் என்ற சதுப்பிடம் வரை சேற்றில் நடந்து வந்த சீமான்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுச் செல்லட்டும் என்று 1854-இல் அவர் ஒரு சீசாவை அங்கே வைத்தார். சீசா தகரப்பெட்டியாகி, பெட்டிக்குள் ரப்பர் முத்திரையும் நோட்டுப் புத்தகமும் குடியேறி, 1998-இல் ஸ்மித்ஸோனியன் பத்திரிகையின் கட்டுரையால் அமெரிக்காவிலும் பரவிய அந்தத் தொற்று, நம் நண்பரையும் பீடித்துவிட்டது. பெட்டியை ஒளித்தவர் தரும் துப்பை அவிழ்த்து அதைக் கண்டவர், அதன் முத்திரையைத் தம் நோட்டிலும், ரப்பரில் குடைந்த தம் முத்திரையை அதன் நோட்டிலும் பதித்துவிட்டு, பழையபடி ஒளித்துவைத்துத் திரும்ப வேண்டும். பரிசு என்று காலணா கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகக் கால்கடுக்க நின்ற வம்சத்தில் பிறந்தவர், பெட்ரோல் செலவழித்து இன்னொரு முத்திரைக்கு அலைவதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

சனிக்கிழமை பொழுது புலருமுன் நைஸ் ரோடு ஏறி, கனகபுரா மார்க்கமாகச் சங்கமத்தை அடைகிறார். அர்க்காவதி காவேரியில் கலக்கும் அந்த ஸ்தலத்தில் பரிசல் ஏறி அக்கரை சேர்ந்து, நதியோரமாகச் சுமார் 4 கிலோமீட்டர் சென்றால் மேக்கேதாட்டு; அகன்று வந்த காவேரி, பாறைகள் இருபுறமும் நெருக்க, உடலை ஒடுக்கிக்கொண்டு பாயும் அந்தக் காட்சிக்காக ஜனங்கள் திரள்கிறார்கள். நம்மவரோ இக்கரையிலேயே, காவேரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீர்மருதின் வேர்ப்பொந்தில் தோள்வரை கையை விட்டுக் கிடப்பார்.

"ஏனு ஹுடுக்தாயிதீரா, ஸார்?" என்று பரிசல்காரர் விசாரித்தால், "ஏனூ இல்லா" என்பார், ரகசியம் காப்பது பெட்டி தேடுகிறவர்களின் பிரதம தர்மம். அதை நம்பாத கிழவி ஒருத்தி, சங்கமேசுவரரைத் தரிசித்துத் திரும்புகிறவள், இஸ்திரி போட்ட சட்டைக்காரர் நெற்றி மண்ணில் படும்படி விழுந்து கிடக்கிற மரத்தில் நிச்சயம் ஏதோ சாந்நித்தியம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, மஞ்சள் பூசிக் கற்பூரமும் ஏற்றிவிட்டாள். அதுமுதல் அங்கே கூட்டம் ஓய்வதில்லை. அவரும் பெட்டியைத் தொட வேண்டுமானால் மூன்றுமுறை பிரதட்சிணம் வந்து, ஆள் அசந்த நேரம் பார்த்துத்தான் கையை விடவேண்டியிருக்கிறது.

"ஏங்க, ஒருதடவையாவது அக்கரைக்குப் போய் மேக்கேதாட்டைப் பார்த்துட்டு வரலாமே" என்பது மனைவியின் நெடுநாள் விண்ணப்பம்.

"அந்தப் பக்கம் பெட்டி இல்லையேம்மா!"

கண்டெடுப்பதோடு நிற்காமல், தாமும் ஒரு பெட்டியை ஆற்றோரப் பாறையிடுக்கில் வைத்தார். எவருமே கண்டுபிடிக்க முடியாத இடம் என்று பூரித்தவர், எவருமே கண்டுபிடிக்கவில்லை என்று மாதக்கணக்கில் ஏங்கினார். கடைசியில் ஒருநாள் நோட்டைத் திறந்தால், கன்னட எழுத்தில் முழுசாக ஒரு பக்கம்! ஆனந்தக் கண்ணீர் வடிய அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, திங்கட்கிழமை அலுவலக வாசல் காவலரிடம் வாசிக்கச் சொன்னார். யாரோ ஆடு மேய்ப்பவர், பென்சில் கைக்கெட்டிய சௌகரியத்தில், இரண்டு கிடாய் விற்ற கணக்கையும் வரவேண்டிய பாக்கியையும் அதில் குறித்துவைத்திருந்தார். காவலர் சிரித்தார், நம் நண்பர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி ஸார், கீழே ஒரு கைநாட்டாவது வச்சிட்டுப் போயிருக்கலாமே!" என்றார் என்னிடம்.