கோடு போட்ட அட்டவணைக்காரர்

எக்செல் இருக்கும் உலகத்தில் எக்செல்லைத் தொடாமல் வாழ்வது ஒரு வைராக்கியம். ஐடி கம்பெனிக்காரர்கள் நிறைந்த எந்த அபார்ட்மென்ட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. பால் கணக்கு, பையனின் தடுப்பூசித் தேதி, மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்று எல்லாம் குத்துக்கோடும் படுக்கைக்கோடும் தட்டிய அட்டவணைகளாக அங்கே கிடக்கும்.

"பிளெயின் டெக்ஸ்ட் சார். அம்பது வருஷம் கழிச்சும் திறக்கும்" என்பார். ஐம்பது வருஷம் கழித்து நம் பால் கணக்கை யார் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் வரலாறு வரும். 1976-இல் பிறந்த ஈமாக்ஸ் எடிட்டர், அதன் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன், 2003-இல் அதற்குள் ஆர்க் மோட் என்ற குறிப்பு-அட்டவணை வசதியை உருவாக்கிய கார்ஸ்டன் டொமினிக் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். டொமினிக் ஆம்ஸ்டர்டாமில் வானியல் பேராசிரியர். "நட்சத்திரத்தை ஆராயறவர் செஞ்சது சார். நம்ம மெயின்டெனன்ஸைத் தாங்காதா?"

தாங்காதது தமிழ் ஒன்றுதான். 'தண்ணீர் லாரி' என்று ஒரு கட்டத்தில் அடித்தால் அந்த வரியின் கோடுகள் மட்டும் வலப்பக்கம் நகர்ந்துகொள்ளும். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிற நம் லிபி, ஒரே அகலத்தை நம்பிப் போட்ட அட்டவணையோடு ஒத்துப்போவதில்லை. தாய்மொழிப் பற்றாளரான அவர், கோடு நேராக நிற்க வேண்டும் என்பதற்காக லாரியைத் தங்கிலீஷில் எழுதிவிட்டார். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

இவரை அசோசியேஷன் ட்ரெஷரராக்கியது யார் என்பது இன்றுவரை சர்ச்சை. வந்ததும் செய்த முதல் காரியம், மெயின்டெனன்ஸ் பாக்கிக்கு இரண்டு சதவீத அபராதம் போட அட்டவணைக்குக் கீழே ஒரு ஃபார்முலா எழுதியது. $4=$2/100*$3. இதில் $2 பாக்கி, $3 சதவீதம், $4 அபராதம். மூன்றாம் மாடிக்காரருக்குப் பாக்கி 12000. அபராதம் 240 வர வேண்டும், 60 வந்தது. மூன்றாம் மாடிக்காரர் அந்த அறுபதை மட்டும் உடனே ஜிபேயில் கட்டிவிட்டு ரசீதும் வாங்கிக்கொண்டார்.

வேறு ஆளாக இருந்தால் கால்குலேட்டரைத் தட்டித் திருத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். நம்மவருக்கு முகம் மலர்ந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் கையேட்டில் விடை கிடைத்தது: பின்னால் கணக்குப் போடும் கால்க் என்ற நிரலில் வகுத்தலைவிடப் பெருக்கலுக்கு முன்னுரிமை. அதாவது 12000-ஐ நூறால் வகுத்து இரண்டால் பெருக்கவில்லை. நூறையும் இரண்டையும் முதலில் பெருக்கி, வந்த 200-ஆல் வகுத்திருக்கிறது. "இது பக் இல்ல சார், டிசைன்!" என்று வாட்ஸாப் குழுவில் போட்டார். பணத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது. ஆனால் இந்த இனத்துக்குத் தீர்வது பிடிக்காது. "ஈமாக்ஸோட சொந்த மொழி லிஸ்ப்லயே எழுதிடலாம், அதுல சந்தேகமே வராது" என்று '(/ (* $2 $3) 100) என்று மாற்றினார். கணக்கை ஓட்ட கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் சி. பதினெட்டு வீட்டுக்கும் வரிசையாக '#எரர்' விழுந்தது.

அடுத்து கன்ட்ரோல் சி, பின்னாலேயே ஒரு நெளி அடைப்புக்குறி. இது பிழைதேடும் வசதியைத் திறக்கும் சாவி. இன்னொரு சன்னலில் ஃபார்முலா பட்ட பாடெல்லாம் படிப்படியாக விரியும்: எழுதியது என்ன, $2 இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது, முடிவு என்ன. அதை அவர் ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். '(/ (* "12000" "2") 100). எண்களைச் சுற்றி மேற்கோள்குறி! லிஸ்ப் ஃபார்முலாவுக்குள் கட்டங்கள் எழுத்துச் சரமாகத்தான் போகும். எண்ணாகப் போக வேண்டுமானால் கடைசியில் அரைப்புள்ளியும் 'என்' என்ற எழுத்தும் சேர்க்க வேண்டும். சேர்த்தார். எரர் எல்லாம் மறைந்தது.

மூன்றாம் மாடிக்காரருக்கு இப்போது அபராதம் பூஜ்யம். இடையில் செயலாளர் நல்லெண்ணத்தில் அட்டவணையைத் திறந்து, படிக்க வசதியாக 12,000 என்று கமா போட்டிருந்தார். கமா வந்த இடத்தோடு ஈமாக்ஸ் எண்ணைப் படிப்பதை நிறுத்திக்கொள்ளும். 12,000 வெறும் 12 ஆகிவிட்டது. அதில் இரண்டு சதவீதம் எடுத்தால் இருபத்து நாலு பைசா. முழு எண் வகுத்தலில் பைசாவுக்கு இடமில்லை. எரர் வந்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பூஜ்யம் என்பதால் மூன்றாம் மாடிக்காரர் மட்டும் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை.

பொதுக்குழு அன்று ப்ரொஜெக்டர் வைத்தார்கள். கமாவெல்லாம் எடுத்தாயிற்று; அபராதத்தைப் பாக்கியோடு தானாகச் சேர்க்கவும் புது ஃபார்முலா ஒன்று போட்டாயிற்று. பாக்கி அபராதத்தைப் பார்க்கும், அபராதம் பாக்கியைப் பார்க்கும். "விடை மாறாம நிக்கிற வரைக்கும் அதுவே திருப்பித் திருப்பிப் போடும், பாருங்க" என்று இயக்கினார். பத்துச் சுற்று ஓடிவிட்டு, விடை நிலைக்கு வரவில்லை என்று கீழே ஒரு வரி எழுதி நின்றது. அதற்குள் மூன்றாம் மாடிக்காரரின் பாக்கி பதினாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஹாலில் சத்தம். ட்ரெஷரர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஒரு நிமிஷம், டீபக் பண்ணிடறேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். "சார், புதுசு எதுவும் எழுதாதீங்க. அறுபது ரூபா வந்துது பாருங்க, அந்த வெர்ஷன் நல்லா இருந்துச்சு."