தெப்பம் முதல் கப்பல் வரை

கப்பலேறி இலங்கைக்குப் போகவும், வழியில் ஒரு கடலோர ஊரில் குடும்பத்தோடு சாவகாசமாகத் தங்கவும் ஆசை. எங்கள் ஊரிலிருந்து எப்படிப் போவது?
*ஒரு வாசகர், சங்கரன்கோவில்*

முதலில் பஸ் பிடியுங்கள்! உங்கள் ஊரில் மிதப்பது ஆவுடைப்பொய்கைத் தெப்பம்தான். அதில் சுவாமிக்கு மட்டுமே இடம். பக்கத்துத் தூத்துக்குடியில் 2011 ஜூனில் கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்கு நாகப்பட்டினம் - காங்கேசன்துறைதான் வழி. அதுவும் கடல் மனசு வைத்தால்.

எங்கள் பாட்டனார் சிலோனுக்குப் போகிற வழியில் மண்டபத்தில் குடும்பத்தோடு பல நாள் தங்கினாராம். கொடுத்துவைத்தவர்!
*அதே வாசகர்*

கொடுத்துவைத்தவரா, பிடித்துவைக்கப்பட்டவரா? தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, பிறகுதான் தலைமன்னார் கப்பலில் ஏற்றினார்கள். கடற்காற்று மட்டும் தாராளம்!

1983 இலங்கை இனக்கலவரத்துக்குப் பிறகு அதே மண்டபத்தில் அக்கரையிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் தங்கின. அவர்கள் தங்கியதை நாள் கணக்கில் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடி - கொழும்பு டிக்கெட் என்ன விலை?
*ஒரு வாசகி, கரிவலம்வந்தநல்லூர்*

ஒரு கட்டத்தில் சும்மா! 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கடைசியில் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. மழைக்கு ஏங்கும் தூத்துக்குடியில் குடை! இலவசங்களைத் தேர்தல்தான் கண்டுபிடித்தது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அவர்கள் குடை கொடுத்தார்கள், வ.உ.சி. கொடி பிடித்தார்.