வெண்டைக்காய் என்ன ஆச்சு?

காலை ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தால் மாடித் தோட்டக்காரர் வந்திருக்கிறார், கையில் காய் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வெண்டைக்காய். ஒன்றின் நுனியை நம் காதருகில் 'டக்'கென்று ஒடித்துக் காட்டுவார். "சத்தம் கேட்டீங்களா சார்? கடைக் காய் இப்படி ஒடியுமா? வளையும்!" ஆக, முழுசாக நம் கைக்கு வருவது இரண்டு.

கொடுத்ததோடு விட்டால் அவர் வள்ளல். சாயங்காலம் லிஃப்ட்டில் பிடித்துக்கொள்வார். "என்ன பண்ணீங்க?" இரண்டு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? கடையில் வாங்கிய கால் கிலோவோடு சேர்த்து வதக்கினோம் என்று உண்மையைச் சொன்னால் முகம் சுண்டிவிடும். "அதோடயா கலந்தீங்க?" அதனால், "தனியாத்தான் வதக்கினோம் சார்."

"கொழகொழன்னு இருந்துதா?"

"இல்லை."

"எப்படி இருக்கும்? பஞ்சகவ்யம்! லிட்டருக்கு 30 மில்லி, 15 நாளைக்கு ஒரு தடவை." கொழகொழப்புக்கும் பஞ்சகவ்யத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள். நம் மாடி வந்த பிறகும் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு விளக்குவார்.

நாம் சொன்னதை அப்படியே நம்பவும் மாட்டார். குறுக்கு விசாரணை உண்டு. பள்ளி வேனிலிருந்து இறங்கும் பையனை மடக்கி, "வெண்டைக்காய் எப்படிடா இருந்தது?" என்பார். "எந்த வெண்டைக்காய் அங்கிள்?" என்றான் அந்தத் துரோகி. அன்றிலிருந்து காய் வந்தால் சமைக்கும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே வாக்குமூலமாகப் பேசி வைத்துக்கொள்கிறோம்.

கத்திரிக்காய் இன்னும் ஆபத்து. வேலூர் முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, அந்த ஊர் விதையில் முளைத்த தன் நாலு செடிக்கும் அதில் பங்கு இருப்பதாக நினைப்பு. அதைச் சாம்பாரில் போடத் தடை. எண்ணெய்க் கத்திரிக்காய்தான், காம்போடுதான். மத்தி மீனும் வெல்லமும் போட்டு அவர் ஊறவைக்கும் மீன் அமிலத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மூக்கு உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அக்கினி நட்சத்திரத்தில் தக்காளிப் பூ உதிரும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி காய் பிடிக்கத் தடுமாறும். சென்னையில் மே மாதம் 40 சாதாரணம். ஆனால் அவர் கணக்கில் குற்றவாளி என் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பீர்க்கம்பூ பொழுது சாயும்போதுதான் விரியும். தேனீ எட்டிப்பார்க்காத எங்கள் மொட்டைமாடியில், செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிக்கொண்டிருப்பார். மறுநாளே பழ ஈ கொட்டாமலிருக்க அந்த விரல் நீளப் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவார். அந்த நேரத்தில் பார்த்தால் கோபம் வராது.

கோபம் என் படுக்கையறையில் வருகிறது. செடிப் பைகளை வெறும் தளத்தில் வைத்து, இரண்டு வேளையும் வழிய வழியத் தண்ணீர் விடுகிறார். ஈரம் இறங்கி என் தலைக்கு மேல் கூரைப் பூச்சு பொரிந்து கட்டிலில் விழுகிறது. கோடையில் லாரித் தண்ணீர். அந்தக் காசும் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு. ஸ்டாண்டு போடுங்கள் என்றால், "போட்டுடலாம் சார்" என்று ஒரு புடலங்காயை நீட்டுவார். புடலங்காய் வாங்கிய கையால் அசோசியேஷனுக்குப் புகார் எழுத முடியுமா?

மாடித் தோட்டக்காரர்களே, முதலில் தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடியுங்கள், பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், பிறகு விதை போடுங்கள். காயைத் தாராளமாகக் கொடுங்கள். என்ன பண்ணினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். தின்றுவிட்டோம்.