முச்சைக்காரர்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டம் கட்டினவர்கள் இருப்பார்கள், பட்டம் பார்க்க வந்தவர்கள் இருப்பார்கள். இரண்டிலும் சேராமல் நடுவில் ஒருவர் நிற்பார். சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். வாழ்நாளில் ஒரு ஈர்க்கைக்கூட வளைத்திருக்க மாட்டார். ஆனால் யார் பட்டத்தைத் தூக்கினாலும் அவருடைய கை நேரே முச்சைக்குப் போகும்.

"தம்பி, மேல்முச்சை கொஞ்சம் நீளம்போலை கிடக்கு."

முச்சை என்பது பட்டத்தின் நெஞ்சில் கட்டும் நூல். அது விரற்கடை பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். ஆகவே அவர் சொல்வதை யாரும் துணிந்து தட்டுவதில்லை. அவர் அவிழ்த்துக் கட்டியபின் பட்டம் ஏறினால் அது முச்சை, விழுந்தால் அது காற்று.

இப்படி ஊருக்கு ஐந்தாறு பேர் தேறுவார்கள். தை போனால் அவர்களுக்கு வேலை இருப்பதில்லை. போன வருசம் வேலை வந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் தனி ஆளாக இருந்து கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிறான். கொம்பனி இல்லை, முதலாளி இல்லை, சம்பளமும் இல்லை. இந்த மூன்றும் இல்லாததற்கு இன்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் எடுத்த கதை அன்னபூரணி. இந்தக் கரையில் கட்டிய பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயரை மாற்றினார். ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஓகஸ்டில் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கள் பூட்டனும் அதில் போனவர்தான் என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாருடைய பூட்டன்மாரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் துறையிலேயே தாண்டிருக்கும்.

விளையாட்டை விற்பது ஸ்டீம் என்ற இணையக் கடையில். ஒரு விளையாட்டு வைக்க 100 டொலர் கட்டவேண்டும். வருசத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் புது விளையாட்டுகள் வந்து கொட்டுகிற சந்தை அது. அங்கே வாங்குகிறவன் முதலில் காண்பது ஒரு சின்னப் படம். பட்டியலில் அதன் அளவு 231 புள்ளி அகலம், 87 புள்ளி உயரம். இப்போது ஏற்றும்போது இரட்டிப்பு அளவில் கேட்கிறார்கள் என்றாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது வளர்ந்துவிடவில்லை. தபால் முத்திரையை நெடுக இழுத்துவிட்ட மாதிரித்தான் தெரியும். இந்தப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கப்சியூல்.

பெடியன் செய்த பிழை ஒன்றுதான். முதல் கப்சியூலைக் கீறி முடித்ததும் ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

"கப்சியூலோ? அது காய்ச்சலுக்குப் போடுற குளிசையெல்லோ?" என்று தொடங்கினார் முச்சைக்காரர்.

படம் பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்து, இரண்டு விரலால் படத்தை விரிப்பார். இன்னும் விரிப்பார். கப்பல் மறைந்து பாய் வரும், பாய் மறைந்து கயிறு வரும், கயிறும் மறைந்து சதுரம் சதுரமாகச் சாம்பல் நிறம் வரும். அந்த இடத்தில் நிறுத்தி, "ம்ம்ம்" என்பார். பிறகு குழுவில் குரல்பதிவு வரும். நாலு நிமிசத்துக்குக் குறைந்து வந்ததில்லை.

"எல்லாம் வடிவா இருக்கு தம்பி, ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு முந்தினதை அவரே நம்புவதில்லை.

முன்மரத்தில் பாய் குறைகிறதாம். அரிசி மணியளவு கப்பலில் பாய் எண்ணினார். கப்பல் வல்வெட்டித்துறையில் இருந்து வெளிக்கிடுகிறது என்று எப்படித் தெரியும், பின்னாலே முத்துமாரி அம்மன் கோபுரம் வேண்டாமா? கோபுரம் வந்தது. கடல் வெறிச்சென்று கிடக்கிறது, ஆழிக்குமரன் ஆனந்தனைப் பக்கத்தில் நீந்தவிட்டால் என்ன? அவர் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பினது 1971இல், கப்பல் போய் 33 வருசம் கழிச்சு என்று பெடியன் பணிவாகச் சொன்னான்.

"வரலாறு கேக்கேல்லைத் தம்பி. வடிவுக்குச் சொல்லுறன்."

அவருடைய மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். ரொறன்ரோவில் செய்து 2023இல் வெளிவந்த 'வெண்பா' விளையாட்டைப் பற்றி அவள்தான் சொல்லியிருக்கிறாள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை அது, பாஃப்டா பரிசும் எடுத்தது. முச்சைக்காரருக்கு அதில் பிடிபட்டது இட்லி மட்டும். "அவை இட்லி வைச்சு வெண்டவை. நீ கப்பல் தட்டிலை ஒரு சட்டி ஒடியற்கூழ் வைச்சா என்ன குறைஞ்சு போவாய்?"

கூழ்ச் சட்டியும் வந்தது.

பாராட்டும் போடவேண்டும் என்றார். "ஊரே மெச்சும் விளையாட்டு", அதற்குக் கீழே பொங்கல் கழிவு 50 வீதம். அப்படிப் படத்தில் எழுத ஸ்டீம் விடாது. 2022 செப்ரெம்பரில் இருந்து கப்சியூலில் ஓவியம், விளையாட்டின் பெயர், உபதலைப்பு தவிர விமர்சனப் புள்ளிகள், விருதுகள், கழிவு விபரம் எதுவும் வரக்கூடாது. இதைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சின்ன எழுத்திலை போடு. ஆர் பாக்கப்போறான்?"

அத்தனை குரல்பதிவிலும் உருப்படியாகச் சொன்னது இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். அவருக்கே அது தெரியாது.

படத்தைக் கெடுப்பதில் வெளியாரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1987இல் கப்கொம் வெளியிட்ட மெகா மேன் விளையாட்டில் கதாநாயகன் சின்ன நீலப் பெடியன், கையே துப்பாக்கி. அமெரிக்காவுக்குப் போட்ட அட்டையிலோ நடுவயதுக்காரர் ஒருவர், வயிற்றுவலி வந்த முகத்தோடு கைத்துப்பாக்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த அட்டையின் பகிடி ஆறவேயில்லை. 2012இல் கப்கொம்மே அந்த மனுசனை ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் விளையாட்டில் ஒரு பாத்திரமாக இறக்கியது. கலிபோர்னியாவிலும் ஒரு முச்சைக்காரர் இருந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

ஏழாவது படம் தயாரானது. கோபுரம், கூழ், நீச்சல்காரர், பாய்களின் முழுக் கணக்கு எல்லாம் உள்ளே. விரித்துப் பார்த்தால் ஒரு திருவிழா. முச்சைக்காரர் இரண்டு விரலையும் எடுத்துவிட்டுக் குளிர்ந்துபோய், "இப்பதான் படம்" என்றார். பெடியன் கடையில் ஏற்றினான். அன்றிரவே ஸ்காபரோவில் இருந்து மகள் எடுத்தாள்.

"அப்பா, ஊர்ப் பெடியன்ரை விளையாட்டைக் கண்டனான். ஏன் வௌவால் படம் போட்டிருக்கு?"

விடிய ஆறு மணிக்கு முச்சைக்காரர் பெடியன் வீட்டுப் படலையில் நின்றார். "உனக்கு ஆரடா இதுக்குள்ளை இவ்வளவத்தையும் அடையச் சொன்னது?"

பெடியன் ஒன்றும் பேசவில்லை. நல்ல வளர்ப்பு.

பொங்கலன்று பின்னேரம் அவனைக் கடற்கரைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நல்ல வாடைக் காற்று. பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்காது. விமானம், பாம்பு, தேர் என்று பட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன. முச்சைக்காரர் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து நின்றார். மேகத்தடியில் பொட்டளவாய் நிற்கிறதைப் பார்த்து, அது எந்தக் குறிச்சிப் பட்டம், யார் கட்டினது, எந்தப் பக்கத்து மூங்கில் பாரம் என்று பிழையில்லாமல் சொன்னார். இதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நேரம் ஒரு சின்னப் பையன் பட்டத்தைக் கொண்டுவந்தான். பூ, கிளி, வீடு, கொடி எல்லாம் ஒட்டி, இடைவெளிக்கு மினுங்கல் தாளும் ஒட்டியிருந்தான்.

முச்சைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "மேலை போனா இதிலை எது தம்பி தெரியும்? தூரத்துக்கு நிறம் ஒண்டு, உருவம் ஒண்டு. மிச்சமெல்லாம் பாரம். கிழிச்செறி."

பெடியன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

மறுநாள் எட்டாவது படம் குழுவில் வந்தது. செம்மஞ்சள் வானம், கருப்பாய் ஒரேயொரு பாய், கீழே பெயர். முச்சைக்காரர் விரித்துப் பார்த்தார். செம்மஞ்சள் வந்தது. இன்னும் விரித்தார். இன்னும் செம்மஞ்சள்தான் வந்தது. பிடிக்க ஒரு கயிறுகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்குக் குரல்பதிவு வரவில்லை, எனக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் வந்தது. பதினொரு விநாடி.

"வடிவா இருக்கு தம்பி, ஆனா... வால் கொஞ்சம் நீளம்போலை கிடக்கு."

"அண்ணை, கப்பலுக்கு ஏது வால்?"

"சரி, பாயெண்டு வையன்."