பதினேழு விநாடிப் பண்டிதர்

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே, சைப்ரஸ் என்ற ஊரில் லாஸ் அலமிட்டோஸ் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் அங்கே குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனக் குதிரைகள் ஓடும். கால் மைல் தூரத்துக்கு இவற்றை மிஞ்ச வேறு குதிரை இல்லை. 350 கஜப் பந்தயம் பதினேழு பதினெட்டு விநாடியில் முடிந்துவிடும். கதவு திறக்கும், புழுதி பறக்கும், ஆட்டம் குளோஸ். இந்தப் பதினேழு விநாடிக்காக இரண்டு நாள் முன்பிருந்தே வேளைக்குச் சாப்பிடாமல், தூங்காமல் தயாராகிறவர் ஒருவர் உண்டு. இந்தக் குதிரை ஓடுகிற எந்தத் திடலுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பண்டிதர் என்று வைத்துக்கொள்வோம். அப்படிச் சொன்னால் அவரும் மறுக்கமாட்டார்.

வயது அறுபதுக்கு மேல். வெயிலே இல்லாத இரவிலும் தலையில் தொப்பி. காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. சட்டைப் பையில் நாலாக மடித்த பந்தயப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களும் ஓட்டத்துக்கொரு வரியாக இருக்கும். என்றைக்கு ஓடியது, எத்தனை கஜம், எந்தத் தடம், எவ்வளவு சுமை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நேரம், கடைசியில் இரண்டு சொல்லில் ஒரு குறிப்பு. ‘கிளம்பும்போது இடிபட்டது’, ‘தாமதமாகக் கிளம்பியது’, ‘வெளிப்பக்கம் சாய்ந்தது.’ ஜோசியர் கட்டத்தைப் பார்ப்பதுபோல் பண்டிதர் இந்தக் குறிப்புகளை உற்றுப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். வட்டம் போடுவார்.

ஜெயித்த குதிரைமேல் அவருக்கு ஈடுபாடு கிடையாது. “அதை ஊரே பார்த்தாச்சு. அதுமேல கட்டினா என்ன கிடைக்கும், டீ செலவுக்குக்கூட வராது” என்பார். அவர் தேடுவது நல்ல தோல்வியை. கால் மைல் பந்தயத்தில் வளைவு கிடையாது, நின்று நிதானித்து முன்னேற அவகாசமும் கிடையாது. கதவு திறந்த முதல் இரண்டு எட்டில் பக்கத்துக் குதிரை தோளால் ஒரு இடி இடித்தால் அத்தோடு கதை முடிந்தது. ஆகவே போன தடவை இடிபட்டு ஆறாவதாக வந்த குதிரை, இடிபடாமல் ஓடியிருந்தால் முதலாவதாக வந்திருக்கும் என்பது அவர் சித்தாந்தம். இதில் நியாயம் இருக்கிறது. என்ன, சில குதிரைகளுக்கு வாரா வாரம் இடிபடுவதே வழக்கம் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

1940இல் தொடங்கிய அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம், ஓடும் குதிரைகளுக்கு வேக மதிப்பெண் கொடுக்கிறது. 80 வாங்கினால் இரண்டு ஏ, 90 வாங்கினால் மூன்று ஏ, 100 தொட்டால் அதற்கும் மேல் ஒரு பட்டம். பண்டிதர் இதைப் படிப்பார், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டார். “92ஆ? அன்னிக்கு எதிர்க்காத்து அடிச்சது. நான் அங்கதான் நின்னேன், என் தொப்பியே பறந்துபோச்சு. 96ன்னு வெச்சுக்கோ” என்று தன் கையிலிருந்து நாலு மார்க் போடுவார். அவர் மனத்துக்குப் பிடிக்காத குதிரையென்றால் அதே காற்று முதுகுப் பக்கமாகத் திரும்பி வீசும். நாலு மார்க் குறையும்.

நீண்ட தூரப் பந்தயக்காரர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். கென்டக்கி டெர்பி என்று யாராவது வாயெடுத்தால், “ரெண்டு நிமிஷம் ஓடுமே, அதுவா? அதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திடுவேன்” என்பார். அடுத்த மூச்சிலேயே அந்த டெர்பியின் புகழில் பங்கும் கேட்பார். அந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்ற பயிற்சியாளர் டி. வெய்ன் லூக்கஸும், ஆறு முறை வென்ற பாப் பாஃபர்ட்டும் தொழில் கற்றது குவார்ட்டர் ஹார்ஸ் கொட்டடியில்தான். “எல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க” என்று சொல்லும்போது, இருவருக்கும் ஏபிசிடி சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்கிற தோரணை வந்துவிடும்.

ஐந்தாவது பந்தயம். எட்டுக் குதிரைகள். பண்டிதர் பார்வை மூன்றாம் எண்மேல். போர்டில் அதன் விலை எட்டுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒன்றாக இறங்குகிறது. “பார்த்தியா, விஷயம் தெரிஞ்சவன் எவனோ கட்டறான்!” என்று முழங்கையால் இடிக்கிறார். இரண்டு நிமிஷத்தில் அது ஒன்பதுக்கு ஏறுகிறது. “பார்த்தியா, ஒருத்தனுக்கும் விஷயம் தெரியல!” என்று மறுபடி இடிக்கிறார். விலை ஏறினாலும் நல்ல சகுனம், இறங்கினாலும் நல்ல சகுனம். ஆடாமல் நின்றால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

பக்கத்தில் ஒரு பாட்டி. பேத்தி பிறந்தது ஏழாம் தேதியாம். ஏழாம் எண்மேல் இரண்டு டாலர் கட்டிவிட்டு நிம்மதியாகப் பாப்கார்ன் சாப்பிடுகிறாள். பண்டிதர் அவளைப் பரிதாபமாகப் பார்க்கிறார். மூன்று தனியாக ஜெயிக்கும் என்று ஒரு சீட்டு; மூன்றும் ஐந்தும் அதே வரிசையில் வரும் என்று ஒன்று; மூன்று, ஐந்து, ஒன்று என்று முதல் மூன்று இடத்துக்கும் சேர்த்து இன்னொன்று. கதவு திறக்க அரை நிமிஷம் இருக்கும்போது சந்தேகம் வந்து ஐந்தின்மேலும் ஒரு சீட்டு. நாலு சீட்டையும் விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு கம்பி வேலியருகே நிற்கிறார்.

கதவு திறக்கிறது. நாலாம் எண் இடப்பக்கம் சாய்ந்து மூன்றின் தோளில் மோதுகிறது. அவ்வளவுதான். மீதி பதினாறு விநாடியும் பண்டிதர் நாலாம் எண் ஜாக்கியின் வம்சத்தைப் பற்றிப் பேசுகிறார். மூக்கு நுனி வித்தியாசம், போட்டோ பார்த்துத் தீர்ப்பு: ஏழு.

பந்தயம் பதினேழு விநாடி என்றால் விளக்கம் நாற்பது நிமிஷம். “ரெண்டு நாளைக்கு முன்னாடி நான் முதல்ல வட்டம் போட்டதே ஏழுமேலதான், வேணும்னா பாரு” என்று புத்தகத்தை நீட்டுவார். உண்மைதான், ஏழின்மேல் வட்டம் இருக்கிறது. எட்டுக் குதிரைமேலும் இருக்கிறது.

குதிரையோடு பண்டிதர் மோதவில்லை, திடலோடும் மோதவில்லை. ஒவ்வொரு வகைச் சீட்டிலும் கட்டிய பணம் முழுக்க ஒரு உண்டியலில் சேரும். சீட்டின் வகையைப் பொறுத்து நூற்றுக்குச் சுமார் 15 முதல் 25 வரை திடலும் அரசும் குதிரைக்காரர்களும் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் வென்றவர்களுக்கு. அதாவது பண்டிதர் கைநீட்டுவது பாட்டியின் இரண்டு டாலருக்கு. இதை அவரே அழகாக விளக்குவார். “முட்டாள்தனமா கட்டறவன் பணம்தான் நமக்கு வரும்” என்று முடிப்பார். அந்த நேரத்தில் பாட்டி நோட்டை எண்ணிக்கொண்டிருப்பாள்.

வருஷத்துக்கு ஒரு முறை அவருக்கு ஒரு பெரிய பயணம். நியூ மெக்ஸிகோவின் மலையூரான ருய்டோசோவின் பெயரோடு சேர்ந்த ஆல் அமெரிக்கன் ஃபியூச்சுரிட்டி, இரண்டு வயதுக் குதிரைகளுக்கான 440 கஜப் பந்தயம். 1959இல் தொடங்கியது. செப்டம்பர் முதல் திங்களன்று இறுதி ஓட்டம். அரிசோனாவைக் குறுக்கே கடந்து, பொழுதெல்லாம் கார் ஓட்டிப் போய் இருபத்தொரு விநாடி பார்த்துவிட்டுத் திரும்புவார். தகுதிச் சுற்றில் நேரத்தை வைத்துத்தான் இறுதிக்குக் குதிரைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் நாள் காற்று வேறு, மறுநாள் காற்று வேறு. இந்தச் சங்கதி ஒன்று போதும், போகவர வழி முழுக்கப் பேச.

வீட்டில் மனைவி கேட்கும் கேள்வி ஒன்றே: “இன்னிக்கு எப்படி?” பதிலும் ஒன்றே: “சமமா வந்துட்டேன்.” கல்யாணமான நாளிலிருந்து அவர் தோற்றதே இல்லை, சமமாகவே வந்துகொண்டிருக்கிறார். பீரோ அடியில் செருப்புப் பெட்டிகளில் தோற்ற சீட்டுகள் கட்டுக் கட்டாக இருப்பது வரிக்கணக்குக்காக. ஜெயித்த பணத்துக்கு அமெரிக்காவில் வரி உண்டு. தோற்றதில் பெரும்பகுதியை அதில் கழிக்கலாம், ஜெயித்த அளவுக்குள். பெட்டிகள் பெருகிக்கொண்டே போகின்றன. எதிலிருந்து கழிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அவருக்கு அறவே ஆகாத ஆள் ஒருவன் திடலில் உண்டு. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் குனிந்து குனிந்து தரையில் கிடக்கும் சீட்டுகளைப் பொறுக்கி மெஷினில் விட்டுப் பார்க்கிறவன். பண்டிதர் கோபத்தில் விட்டெறிந்த சீட்டு, முதலில் வந்த குதிரையை நடுவர்கள் கீழே இறக்கியதும் ஜெயித்த சீட்டாகி அவன் பைக்குப் போனதும் உண்டு. வெறுங்கையோடு வந்து காசோடு திரும்புகிறவன் அங்கே அவன் ஒருவன்தான்.

பண்டிதரைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் படிப்பு பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண் சொல்கிறவரைவிட அவர் சரியாகவே சொல்கிறார். சங்கடம் என்னவென்றால், திடலில் உள்ள மற்றவர்களும் கொஞ்சம் படித்திருக்கிறார்கள். அவர்களைவிட அவர் அறிவு நூற்றுக்கு ஐந்து கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், உண்டியலில் எடுப்பது பதினைந்துக்குக் குறையாது.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாஸ் அலமிட்டோஸ் பண்டிதரைப் பார்த்த பிறகு அந்தத் தீர்ப்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. திறமை நிறைய இருக்கிறது. பணம்தான் இல்லை.