பந்தி முடிவில் ஒரு கப்: மேற்குச் சென்னைச் சீஸ்கேக்கின் தோற்றமும் தளர்ச்சியும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்த கதையை எழுதிவிட்டார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவான கதையையும் எழுதிவிட்டார்கள். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகளைப் பற்றி எழுதாத வைணவ அறிஞர் இல்லை. ஆனால் இம்மூன்று ஊர்க் கல்யாண மண்டபங்களிலும் ரிசப்ஷன் இரவில், பீடா ஸ்டாலுக்கு இந்தப் பக்கம், குட்டிப் பிளாஸ்டிக் கப்பில் நீட்டப்படும் சீஸ்கேக்கைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. இது தமிழ் ஆராய்ச்சியுலகுக்கு நேர்ந்த களங்கம் என்று இத்துறை அறிஞர்கள் ஒருமனதாகக் கருதுகிறார்கள். துறையில் தற்போது அறிஞர் ஒருவரே என்பதால் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

ஆய்வுப் பொருளை முதலில் வருணித்துவிடுவது மரபு. கப் உள்ளங்கைக்குள் அடங்கும். அடியில் பொடித்த பிஸ்கட், நடுவில் வெள்ளை, மேலே ஊதா நிற ஜாம். அது புளூபெர்ரி என்பது கேட்டரிங்காரர் சொல்லித் தெரிவது. மரக்கரண்டியைச் செருகினால் வெள்ளைப் பகுதி இரண்டில் ஒரு விதமாக நடந்துகொள்ளும். தளதளவென்று சரிந்து, ஜாமோடு கலந்து, குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அல்லது கரண்டியை எதிர்த்து நின்று, வட்டம் குலையாமல் ஒரே கட்டியாகப் பெயர்ந்து மேலே வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருப்பதாக நூல்கள் சொல்கின்றன. அம்பத்தூரில் அது தட்டுப்படுவதில்லை.

இந்தக் கப் இங்கே எப்படி வந்தது? கடல் வழியாக என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கேட்டரிங் படித்துவிட்டுச் சொகுசுக் கப்பலில் வேலைக்குப் போகும் பையன்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது, கைபேசியில் கப்பலின் இனிப்பு மேசைப் படங்களும் கூடவே இறங்குகின்றன. 2022 ஜூன் 4 அன்று கப்பலே நம் வாசலுக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சுற்றுலாக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். பிரான்சின் செயின்ட் நசேரில் கட்டப்பட்டு 1990-ல் சேவைக்கு வந்த கப்பல் அது. ராயல் கரீபியன் நிறுவனத்திடம் நெடுங்காலம் உழைத்துவிட்டு, ஓய்வு வயதில் நமக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரியில் மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று கட்சிகள் கொந்தளித்தன. இனிப்பின் தரம் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்காதது இந்த ஆய்வாளருக்கு வருத்தமே.

களப்பணியைக் கப்பலிலேயே நடத்தியிருக்கலாம். ஆனால் பயணத்துக்கு நிதி ஒதுக்க எந்த அமைப்பும் முன்வரவில்லை. எனவே வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளையே பயணச்சீட்டாகக் கொண்டு, திருமுல்லைவாயில், பட்டாபிராம், திருவேற்காடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகிய இடங்களில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. இதனால் முடிவுகளின் நம்பகத்தன்மை குறையாது. மண்டபமும் கப்பலும் ஒரே வகை நிறுவனம். இரண்டிலும் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கிடையாது. கப்பலில் டிக்கெட்டிலும் மண்டபத்தில் மொய்யிலும் அது அடங்கிவிடுகிறது. நினைத்தவுடன் வெளியேற முடியாது: அங்கே கடல், இங்கே மேடை ஏறிப் போட்டோ எடுக்கக் காத்திருக்கும் வரிசை. தண்ணீர்தான் வித்தியாசம் என்று சிலர் சொல்லலாம். அவர்கள் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்கு மறுநாள், அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி இயற்பியல்.

அசல் சீஸ்கேக், அதாவது நியூயார்க் வகை, கிரீம் சீஸும் முட்டையும் சேர்த்து இளஞ்சூட்டில் வேகவைப்பது. சூடு மிஞ்சினால் முட்டையின் புரதம் இறுகி மேற்பரப்பு வெடித்துவிடும். வெந்த பிறகும் உடனே சாப்பிடக் கூடாது. ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் கிடந்தால்தான் கட்டும். கூட்டத்துக்குச் சமைப்பவனுக்கு இது வரப்பிரசாதம். நேற்றே செய்தாக வேண்டும் என்பதையே இலக்கணமாகக் கொண்ட பலகாரம் வேறு எத்தனை இருக்கிறது? சிகாகோ பேக்கரிக்காரர் சார்லஸ் லூபின் 1949-ல் தன் மகள் சாரா லீயின் பெயரைச் சூட்டி விற்ற முதல் பண்டமே சீஸ்கேக்தான். பின்னால் அவருடைய கேக்குகள் உறைந்த நிலையில் ஊர் ஊராகப் போயின. 2024-ல் கடலுக்கு வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். அத்தனை பேருக்கும் சுடச்சுட ஜாங்கிரி பிழிய எந்த மாஸ்டராலும் ஆகாது. சீஸ்கேக்கை வெட்டி அடுக்கிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

கப்பல் இனிப்பின் மேல் உள்ள பொதுவான புகார், பார்க்க அழகு, எல்லாவற்றுக்கும் ஒரே ருசி என்பது. விமானத்துக்கு ஒரு சாக்கு உண்டு. உயரத்தில் காற்று வறண்டு, நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடும். கப்பல் கடல் மட்டத்திலேயே மிதப்பதால் அந்தச் சாக்கு செல்லாது. அங்கே காரணம், இனிப்பு காத்திருக்கிறது என்பதே. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விதி ஒன்று இருக்கிறது: குளிர்ந்த பண்டம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, சூடான பண்டம் 57-க்குக் கீழே இறங்கக் கூடாது. வயிற்றுக்கு நல்ல விதி. ஆனால் 5 டிகிரியில் எந்த இனிப்பும் முழுதாக வாய் திறந்து பேசாது.

அந்த விதியை ஆவடி மே மாதத்துக்குக் கொண்டுவாருங்கள். மண்டபத்தில் ஏசி மேடைப் பக்கம் மட்டும். சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரமாக ஆளுயர ஃபேன். சீஸ்கேக்கைக் கட்டுவதற்கு ஜெலட்டின் போட்டிருந்தால், அது முப்பது, முப்பத்தைந்து டிகிரியிலேயே உருகிவிடும். நாக்கில் பட்டதும் கரைவதற்குக் காரணமான அதே குணம், ஆவடியில் கப்பிலேயே கரைய வைக்கிறது. மேலும் அது மாட்டுத்தோலிலும் எலும்பிலும் எடுக்கும் சரக்கு; சைவக் கல்யாணத்தில் வெளியே தெரிந்தால் கேட்டரிங்காரர் மிச்சப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே சைனா கிராஸ். கடற்பாசியிலிருந்து வருவது, சைவம், ஒருமுறை கட்டிவிட்டால் 85 டிகிரி வரை அசையாது. ஆனால் மனித வாய் 37 டிகிரி. கேக் கரையாது, மென்றுதான் ஆக வேண்டும். முன்பு சொன்ன இருவகை நடத்தைக்கும் காரணம் இப்போது விளங்கியிருக்கும்: சரிந்தது ஜெலட்டின் கட்சி, நிமிர்ந்தது சைனா கிராஸ் கட்சி.

வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பது மேலும் நுட்பமான விஷயம். சீஸ் ஸ்ப்ரெட் கொஞ்சம், மிக்ஸியில் அடித்த பன்னீர் கொஞ்சம், மீதி விப்பிங் கிரீம். கேக் கடைகளில் பெரும்பாலும் புழங்கும் அந்த கிரீம் பாலே அல்ல. பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பை நுரைக்க அடித்தது. வெயிலைத் தாங்கும். கூப்பிடு தூரத்தில், ஆவினின் அம்பத்தூர் பால்பொருள் தொழிற்சாலையில் ஐஸ்கிரீமும் பால் இனிப்பும் தயாராகின்றன. 2021 முதல் 2023 வரை பால்வளத் துறை அமைச்சராக இருந்தவரே ஆவடி எம்.எல்.ஏ.தான். இத்தனை பால் பின்னணி உள்ள வட்டாரத்தில் சீஸ்கேக்கைத் தூக்கி நிறுத்துவது எண்ணெய் என்பதை எந்த வரலாற்றாசிரியர் விளக்கப் போகிறார்?

கப்பின் அரசியலையும் தொட்டாக வேண்டும். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். அது தேசத்தில் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் பேசட்டும். இனிப்புத் துறையில் கப் வந்த பிறகு முழுமையாக நிறைவேறிவிட்டது. வாளிப் பாயசக் காலத்தில் அந்த நியாயம் கிடையாது. வாளி தூக்கியவர் சம்பந்தியைக் கண்டால் கரண்டியை அடிவரை விட்டு முந்திரியோடு அள்ளுவார். பக்கத்து இலைக்காரருக்கு மேலாகத் தெளிந்தது. கப்பில் எல்லாருக்கும் ஒரே எடை, ஒரே ஜாம். ஆனால் “மாமா, இன்னொரு கரண்டி விடட்டுமா?” என்று கேட்கவும் ஆள் இல்லை. இரண்டாவது கப் வேண்டுமானால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும், அல்லது குழந்தைக்கு என்று சொல்ல வேண்டும். குழந்தையைக் கூட்டி வராதவர்களும் சொல்கிறார்கள்.

வரிசைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நம் இலையில் இனிப்பு முதலில் விழுவது. பசியோடு இருக்கும் நாக்கு அதை எடைபோடும். சுமாராக இருந்தால் அப்போதே முகம் காட்டிவிடும். கப்பலும் ரிசப்ஷனும் இனிப்பைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. வயிறு நிறைந்தும் கேக்குக்கு இடம் கிடைப்பது எப்படி? பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களில் இதை விளக்கினார்: ஒரே ருசியைத் தின்னத் தின்ன அந்த ருசி மட்டும் சலிக்கிறது, புது ருசி வந்தால் ஆசை மறுபடி எழுகிறது. ஆகவே பரோட்டா, பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியனுக்குப் பிறகு எது வந்தாலும் எடுபடும். மட்டமான சீஸ்கேக் பிழைத்துக்கிடப்பது இந்த இரக்கத்தால்தான்.

ஒப்பீட்டுக்கு பிரெட் அல்வாவை எடுத்துக்கொண்டால் உண்மை பளிச்சிடும். பிரியாணிக் கல்யாணங்களில் தேக்சாவிலிருந்து ஒரு கரண்டி இலை ஓரத்தில் விழுமே, அது. ரொட்டியைப் பொரித்து, பாலும் சர்க்கரையும் கொதிக்கும் பாகில் போட்டு, நெய்யும் முந்திரியுமாகக் கிளறி மூடிவிடுகிறார்கள். காத்திருக்கக் காத்திருக்க ரொட்டி பாகை இழுத்துக்கொள்கிறது. முதல் பந்தியில் சாப்பிட்டதைவிட மூன்றாம் பந்தியில் இன்னும் நன்றாக இருக்கும். குளிர்பெட்டி வேண்டாம், கப் வேண்டாம், நிறம்கூட அழகில்லை. யாரும் அதைப் போட்டோ எடுப்பதில்லை. இந்த ஆய்வாளரின் சொந்தச் சாய்வு இங்கே தெரிந்தால் தெரியட்டும்.

கடைசியாக, நம்மிடம் சீஸ்கேக் இருந்ததா என்ற கேள்வி. ரோமானியர் கேட்டோ தன் வேளாண்மை நூலில் சீஸும் மாவும் தேனும் சேர்த்துச் சுடும் பண்டத்துக்குச் செய்முறை எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டு. அவருக்கும் முன்னே நாம்தான் என்று நிறுவ ஆசை இருக்கிறது. கீழடியில் கரண்டி கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் சான்று பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கத்துத் தொழுவங்களில் இன்றும் இருக்கிறது: சீம்பால். மாடு கன்று போட்டதும் கறக்கும் முதல் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேகவைத்தால், அதில் மிகுந்திருக்கும் புரதமே இறுகித் துண்டு போடும் பதத்துக்கு வந்துவிடும். முட்டையில்லை, ஜெலட்டினில்லை, சைனா கிராஸில்லை. அம்பத்தூர்க் கப்பில் தட்டுப்படாத அந்த நடுப்பதம் இதில்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் பாலுக்கு இந்தக் குணம் போய்விடும். எண்ணூறு பேர் பந்திக்கு எத்தனை மாடுகள் ஒரே முகூர்த்தத்தில் கன்று போட வேண்டும் என்ற கணக்கைப் பஞ்சாங்கக்காரரிடம் கேட்கவே தயக்கமாக இருந்தது.

ஆகவே பரிந்துரை ஒன்றை ஆய்வு முன்வைத்தது. பந்தி எடுக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் ஆட்களில் ஒடிசாக்காரர்கள் உண்டு. அவர்கள் ஊர்ச் சேனா போடா, திரித்த பாலின் சேனாவைச் சர்க்கரையோடு பிசைந்து, சால் இலையில் பொதிந்து, தணலில் மணிக்கணக்கில் வேகவைப்பது. முட்டை வேண்டாம், மேலே கருகிய சர்க்கரையின் மணம், மறுநாள்வரை கெடாது, கத்தி போட்டால் துண்டு உடையாது. கப்பல், மண்டபம் இரண்டின் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் இந்தியச் சீஸ்கேக். திருமுல்லைவாயிலில் ஒரு கேட்டரிங்காரரைச் சம்மதிக்க வைத்து, நிச்சயதார்த்த விருந்துக்கு முன்பே மாதிரித் துண்டுகளைப் பெண் வீட்டாருக்கு அனுப்பச் செய்தாயிற்று. பெண்ணின் பெரியத்தை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னப்பா இது, அடிப்பிடிச்சிருக்கு?”

“இல்லம்மா, இது அப்படித்தான் இருக்கணும். ருசி பாருங்க.”

பார்த்தார். இன்னொரு துண்டும் எடுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. அதுக்காக நல்ல காரியத்துல கருகினதையா வைப்பாங்க? அந்த ஊதா கலர் கப்பே வச்சிடுங்க. மாப்பிள்ளை வீட்டுல போட்டோ எடுப்பாங்க.”

மிச்சமிருந்த துண்டுகளை அவர் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கச் சொன்னதாகக் கேட்டரிங்காரர் பின்னர் தெரிவித்தார்.