எதிர்பாரா ஓய்வும் எண்வகை மெய்ப்பாடும்: ரசிகத் துயரவியலுக்கு ஒரு தோற்றுவாய்

ஒருவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டால் யார் யார் கவலைப்பட வேண்டும் என்பதில் உலகத்தில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. மனைவி மக்கள், மாதத் தவணை வசூலிக்கும் வங்கி, அவருடைய கோப்புகளும் சேர்ந்து தலையில் விழப்போகிற பக்கத்து இருக்கைக்காரர். அத்தோடு சரி. வேலையை விடுபவர் பந்தாட்டக்காரராக இருந்தால் மட்டும், அவரிடம் ஒரு வார்த்தை பேசியிராத லட்சக்கணக்கானோர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறார்கள். இந்த முரண்பாட்டை விளக்க வந்ததே இவ்வாய்வு.

துக்கத்துக்கு மேலைநாட்டு உளவியலார் ஐந்து படிகள் கட்டிவைத்திருக்கிறார்கள். ரசிகனுக்கு அவை போதா. தொல்காப்பியரோ உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரியும் மெய்ப்பாடு எட்டு என்றும், ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன் என்றும் வகுத்து, கணக்கை முப்பத்திரண்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒரு விளையாட்டரங்கத்துக் கூட்டம் முழுவதையும் அதற்குள் உட்காரவைத்துவிடலாம். எனவே அதுவே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இனி களம். 2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் லூகாஸ் ஆயில் அரங்கம். உள்ளூர் கோல்ட்ஸ் அணிக்கும் சிகாகோ பேர்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பருவம் தொடங்குமுன் ஆடும் பயிற்சி ஆட்டம்தான். வென்றாலும் தோற்றாலும் பட்டியலில் ஏறாது. கோல்ட்ஸின் ஆண்ட்ரூ லக் அன்று ஆடவில்லை. காயம் காரணமாகச் சாதாரண உடையில் ஓரக்கோட்டருகே நின்று சக வீரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் குவார்ட்டர்பேக்; அதாவது, அணியின் தாக்குதல் எல்லாம் எவர் கையிலிருந்து தொடங்குமோ அவர். வயது 29.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் செய்தி கசிந்தது: லக் ஓய்வு பெறப்போகிறார். ஈஎஸ்பிஎன் நிருபர் ஒருவர் ட்விட்டரில் போட்டுவிட்டார். மாடத்தில் ஒருவர் கைப்பேசியைப் பார்க்கிறார், பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுகிறார், அவர் நம்பாமல் தன் கைப்பேசியை எடுத்துச் சரிபார்க்கிறார். செய்தி கையில் இருக்கிறது, செய்திக்குரியவர் கண்ணெதிரே நிற்கிறார். இது மருட்கை. புதுமையிலிருந்து வியப்புப் பிறக்கும் என்று நூல் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

மருட்கை நீடித்தது சில நிமிடங்களே. ஆட்டம் முடிந்து லக் உள்ளே நடந்தபோது, அத்தனை ஆண்டு அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்த மாடங்களிலிருந்து பலர் ஊளையிட்டார்கள். மறுநாள் சொல்வதாக இருந்ததை அன்றிரவே செய்தியாளர்கள் முன் வந்து கண்கலங்கச் சொன்ன அவர், அந்தச் சத்தம் காதில் விழுந்தது, வலித்தது என்றும் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. ஊளை என்பது வெகுளி. வெகுளி பிறக்க நூல் தரும் காரணங்களில் முதலாவது உறுப்பறை, அதாவது உறுப்பு அறுபடுதல். அறுபட்ட உறுப்புகளின் பட்டியலைப் பார்ப்போம். விலா எலும்புக் குருத்தெலும்பு கிழிந்தது. வயிற்றுத் தசை கிழிந்தது. 2015இல் டென்வர் அணியுடனான ஆட்டத்தில் சிறுநீரகமே கீறிப்போயிற்று. பந்தெறியும் தோளில் அறுவை சிகிச்சை செய்து 2017 பருவம் முழுவதும் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2018இல் திரும்பிவந்து, மீண்டெழுந்த வீரருக்கான விருதையும் வாங்கினார். அடுத்த ஆண்டு கெண்டைக்கால், கணுக்கால் என்று மறுபடி தொடங்கிற்று. காயம், வலி, சிகிச்சை, மீண்டும் காயம் என்ற சுழற்சி ஆட்டத்தின் மகிழ்ச்சியைத் தின்றுவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆக, உறுப்பறை நிகழ்ந்தது வீரரின் உடம்பில். அதிலிருந்து பிறந்த வெகுளி மட்டும் ரசிகருடையது. இப்படி ஓர் இடப்பெயர்ச்சியை உரையாசிரியர்கள் எவரும் எதிர்பார்க்கவில்லை.

கல்லூரி மாணவர் வினாத்தாளில் கேட்கத் தகுந்த இன்னொரு நுட்பம்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன இளிவரலின், அதாவது இழிவுணர்வின், காரணங்கள். லக்கிடம் இருந்தவை பிணியும் வருத்தமும். எதிர்த்தரப்பு கண்டுபிடித்தது மென்மையை. சிகிச்சை கடினமாக இருக்கிறது என்று வேலையை விடுவது இக்காலப் பிள்ளைகளின் போக்கு என விளையாட்டு வானொலிக்காரர் ஒருவர் எழுதி, போதுமான அளவு வாங்கியும் கட்டிக்கொண்டார். எழுதியவருடைய சிறுநீரகம் நலமாக இருந்தது என்று நம்ப இடமுண்டு.

ரசிகரின் தரப்பையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். பருவம் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. முழுப் பருவத்துக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஃபேண்டஸி ஆட்டக்காரர்கள் தங்கள் கற்பனை அணிகளில் லக்கை எடுத்து முடித்திருந்தார்கள். இல்லாத அணிக்கு நேர்ந்த இழப்புக்காக வருந்தும் இந்த உட்பிரிவினருக்கு முப்பத்திரண்டிலும் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதற்கு மேல் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. நெடுநாள் குவார்ட்டர்பேக்கான பேட்டன் மேனிங்கை 2012இல் விடுவித்துவிட்டு, அதே ஆண்டு புதுமுக வீரர் தேர்வில் முதல் தேர்வாக லக்கை எடுத்தது அணி. பதினைந்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று ஊர் தூங்கப் போயிற்று. (லக் போனபின், 2020இல் அந்த இடத்துக்கு வந்தவர் 38 வயது பிலிப் ரிவர்ஸ். ஒரு பருவம் ஆடிவிட்டு அவரும் ஓய்வு பெற்றார். நகை என்னும் மெய்ப்பாட்டை இங்கே வாசகரே நிரப்பிக்கொள்ளலாம்.)

அப்படியென்றால் கால அவகாசமே பிரச்சினையா? முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஊளை இருந்திராதா? இந்தக் கருதுகோளைச் சோதிக்க ஒப்பீட்டுக் குழு ஒன்று தேவை. டோனி க்ரூஸ் உதவுகிறார். ரியல் மாட்ரிட்டின் நடுக்கள வீரர்; ஆட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லாத நிலையில், 34 வயதில், 2024 மே 21 அன்று ஓய்வை அறிவித்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அறிவிப்புக்குப் பிறகு சொந்த மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம் இருந்தது, சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் இருந்தது, சொந்த நாடான ஜெர்மனியிலேயே ஐரோப்பியக் கோப்பையும் இருந்தது. அழுதவர்கள் ஏராளம், கோபப்பட்டவர்களைத் தேட வேண்டியிருந்தது.

ஆனால் அவகாசம் அரைக்காரணமே. லயோனல் மெஸ்ஸி 2016 ஜூன் 26 அன்று கோபா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டியில் தோற்று, தானும் ஒன்றைத் தவறவிட்டு, சற்று நேரத்திலேயே தேசிய அணிக்கு இனி ஆடமாட்டேன் என்றார். அவகாசம் பூஜ்யம். ஆயினும் அர்ஜென்டினா ஊளையிடவில்லை, கெஞ்சியது. புவெனஸ் ஐரிஸ் சுரங்க ரயில் நிலையத் தகவல் பலகைகள் போகாதே என்றன. மேயர் இரண்டே நாளில் சிலை திறந்தார். மழையில் கூட்டம் கூடியது. ஆகஸ்டில் மெஸ்ஸி ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். (அடுத்த ஜனவரியில் அந்தச் சிலையை இடுப்போடு யாரோ உடைத்துவிட்டார்கள். இது தனி ஆய்வுக்குரியது.)

இவற்றை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் இவ்வாய்வாளருக்குத் தோன்றுவது இது: ரசிகர் வீரரின் பிரிவைத் தாங்குவார், பணிநிறைவுப் பாராட்டு விழா இல்லாத பிரிவைத் தாங்கமாட்டார். மாலை, பொன்னாடை, ஏற்புரை, நான்கு பேர் மேடையில் தொண்டை அடைத்து நிற்பது, எல்லாம் அவருக்கு வேண்டும். க்ரூஸ் விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அர்ஜென்டினா விழாவை ரத்து செய்யவே விழா எடுத்தது. எரிக் கன்டோனா 1997 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பட்டம் வென்ற கையோடு விட்டபோது, அறிக்கையை வாசித்தவர் கிளப்பின் தலைவர். நாயகர் மேடைக்கே வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கிளப்பின் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில் இன்றும் அவர் பேரில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். லக்கின் ரசிகர்களுக்குக் கிடைத்ததோ, அவர் களத்திலிருந்து உள்ளே நடந்துபோகும் அந்தச் சில விநாடி. விழாவுக்கு அது போதாது, ஊளைக்குப் போதும்.

இக்கொள்கைக்கு வலுவான சான்று டெட்ராய்ட்டில் இருக்கிறது. லயன்ஸ் அணியின் பேரி சாண்டர்ஸ், பந்தோடு ஓடுவதில் ஈடில்லாதவர். 1997 பருவத்தில் மட்டும் 2,053 கெஜம் ஓடியவர். 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், சொந்த ஊரான விச்சிட்டாவின் நாளிதழுக்கு ஒரு தொலைநகல் அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். வால்ட்டர் பேட்டனின் 16,726 கெஜம் என்ற வாழ்நாள் சாதனைக்கும் அவருடைய 15,269க்கும் இடையே மிச்சம் 1,457. ஒரு பருவ ஓட்டம்! டெட்ராய்ட்காரர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் பல ஆண்டு போட்டுப் போட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். கொதிப்பு அடங்க ஒரே வழிதான் இருந்தது. 2023 செப்டம்பரில் ஃபோர்ட் ஃபீல்ட் அரங்கத்துக்கு வெளியே, பந்தைப் பிடித்தபடி ஓடும் அவருடைய வெண்கலச் சிலையைத் திறந்து, இருபத்து நான்கு ஆண்டு தாமதமாகப் பணிநிறைவு விழாவை நடத்திவிட்டார்கள். இம்முறை சாண்டர்ஸ் தொலைநகல் அனுப்பவில்லை. நேரில் வந்திருந்தார்.